எப்போதாவது வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஆயுள் முழுக்க மாத்திரையா?

பொன்மலை ரயிலடி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். வயது 67. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாக அம்லோடிபின் சாப்பிடுகிறேன். சர்க்கரை, புகை, மது எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு ஓர் இரவு நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏஎஃப்), இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் கோளாறு என்றார்கள். விடிவதற்குள் தானாகவே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகும் எப்போதாவது வருகிறது. சில மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறது. எக்கோவில் வால்வுகள் நன்றாக இருக்கின்றன. தைராய்டும் சரியாக இருக்கிறது.

இதய மருத்துவர் அபிக்சபான் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். காலை, இரவு இரண்டு வேளை. "ஆயுள் முழுக்க, நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்.

ஆண்டு முழுவதையும் கூட்டினாலும் ஒரு நாள் தேறாத ஒன்றுக்காக 365 நாளும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதற்கு? மழை வரும்போது குடை பிடித்தால் போதாதா? எங்கள் தெருவில் ஒருவர் இந்த வகை மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மூளைக்குள் ரத்தம் கசிந்து மூன்றாம் நாள் போய்விட்டார். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. முழங்கால் வலி வேறு. டைக்ளோஃபெனாக் போடாமல் மாடி ஏற முடியாது. மருந்துச் சீட்டை இன்னும் கடையில் நீட்டவில்லை. பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் யாராவது விளக்கினால் நல்லது.

கணக்கு வாத்தியார் (கும்பகோணம்)

ஐயா, என் அண்ணனுக்கு இதே சிக்கல் வந்தபோது நானும் இதே இடத்தில் முட்டிக்கொண்டேன். அப்போது படித்ததைச் சொல்கிறேன்.

எத்தனை முறை வந்தது, எத்தனை மணி நேரம் நீடித்தது என்பது நமக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது. பக்கவாத ஆபத்தை அளக்க மருத்துவர்கள் போடும் கணக்கில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. யாருக்கு வந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். 2010-இல் வெளியான சாட்ஸ்-வாஸ்க் என்ற அளவுகோல் அது. இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஒவ்வொன்றுக்கும் 1. மாரடைப்போ கால் ரத்தக்குழாய் அடைப்போ வந்திருந்தால் 1. வயது 65 முதல் 74 வரை 1. 75 ஆகிவிட்டால் 2. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்றால் 1 சேர்ப்பது வழக்கம்; ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024 வழிகாட்டுதலில் அந்த ஒன்றை எடுத்துவிட்டது.

உங்களுக்கு வயதுக்கு 1, அழுத்தத்துக்கு 1. ஆக மொத்தம் 2. மாத்திரையால் அழுத்தம் கட்டுக்குள் இருந்தாலும் அந்த 1 அப்படியேதான் இருக்கும். ஆண்களுக்கு 2 வந்தாலே அமெரிக்க வழிகாட்டுதலும் ஐரோப்பிய வழிகாட்டுதலும் மாத்திரை கொடுக்கச் சொல்கின்றன. மாத்திரை இல்லாவிட்டால் இந்த மதிப்பெண்காரர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்குப் பக்கவாதம் வருகிறது. ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் ஏறி இறங்கும். நூற்றுக்கு இரண்டுதானே என்று முதலில் தோன்றும். ஆனால் ஆண்டுதோறும் அதே இரண்டு. உங்களுக்கு 77 வயதாகும்போது பத்து ஆண்டு சேர்ந்திருக்கும். நடுவில் 75 பிறந்ததும் மதிப்பெண் 3 ஆகிவிடும்.

மாத்திரை இந்த ஆபத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. பழைய உறையாமை மாத்திரையான வார்ஃபரின் காலத்து ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் பக்கவாதம் 64 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் குறைத்தது 22 சதவீதம்தான்.

தஞ்சை மருத்துவர்

பணி ஓய்வு பெற்ற பொது மருத்துவன் நான். இதய நிபுணன் இல்லை. உங்கள் மருத்துவர் சொன்னதை மாற்றிச் சொல்ல வரவில்லை. அவருக்கு நேரம் இல்லாமல் விட்டுப்போனதைச் சொல்கிறேன்.

முதலில் வால்வு. எக்கோ நன்றாக இருக்கிறது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நம் நாட்டில் அது முக்கியமான வரி. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மிட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் இங்கே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சுருக்கம் ஓரளவுக்கு மேல் இருந்து ஏஎஃப்பும் வந்துவிட்டால் மதிப்பெண்ணே போட வேண்டியதில்லை. வார்ஃபரின் வகை மாத்திரை கட்டாயம். அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் அவர்களுக்கு ஏற்றவை அல்ல. 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் ரிவரோக்சபான் சாப்பிட்டவர்களைவிடப் பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய வகைதான்.

அடுத்தது குடை. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். பாடநூல் சொல்வது இதுதான். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களின் துடிப்பு இரவும் பகலும் பதிவாகிறது. அசர்ட் என்ற ஆய்வில் பக்கவாதமோ அதுபோன்ற அடைப்போ வந்தவர்களின் பதிவைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். அதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் ஏஎஃப் வந்திருந்தது நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான். சிலருக்கு அதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பு வந்து போயிருந்தது. சிலருக்குப் பக்கவாதம் வந்த பிறகே ஏஎஃப் பதிவானது. படபடப்பு வரும் நாளும் பக்கவாதம் வரும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. ஏஎஃப் என்பது அந்த மேலறையின் சுவரே பழுதடைந்து வருகிறது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். துடிப்பு சரியான நாளிலும் சுவர் அதே சுவர்தான்.

குடையைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இம்பாக்ட் என்று பெயர், 2015-இல் வெளியானது. உடலுக்குள் கருவி வைத்த 2,700-க்கும் மேற்பட்டோர். கருவி ஏஎஃப் காட்டினால் மருந்தைத் தொடங்கினார்கள். வராமல் இருந்தால் நிறுத்தினார்கள். பக்கவாதமும் குறையவில்லை, ரத்தக்கசிவும் குறையவில்லை. ஆய்வைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். இப்போது கைக்கடிகாரத்தை வைத்து, ஆபத்து மிக அதிகம் இல்லாதவர்களிடம், ரியாக்ட்-ஏஎஃப் என்ற ஆய்வு அமெரிக்காவில் நடந்து வருகிறது. அதன் முடிவு எப்படி வந்தாலும் இன்றைய தேதியில் வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் முறைக்கு ஆதாரம் இல்லை.

வேப்பமரத்தடி

மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும். இந்த ஆய்வுகளுக்கெல்லாம் பணம் கொடுப்பது யார்? மாத்திரை விற்பவன் நடத்தும் ஆய்வில் மாத்திரை தோற்குமா? ரத்தம் உறைவது உடம்பு தனக்காக வைத்திருக்கும் காவல். அதை ஆயுளுக்கும் கழற்றிவைக்கச் சொல்கிறீர்கள். எங்கள் தந்தையார் மருதம்பட்டைக் கஷாயமும் பூண்டுமாகத் தொண்ணூறைத் தாண்டினார். அவ்வளவு பயமாக இருந்தால் ஒரு சின்ன ஆஸ்பிரின் போதுமே. பொன்மலை ஐயா சீட்டை நீட்டாமல் இருப்பதே நல்லது.

கணக்கு வாத்தியார்

வேப்பமரத்தடியாரே, ஆஸ்பிரின் பேச்சை எடுத்ததற்கு நன்றி. நான் அங்கேதான் வர நினைத்தேன்.

பொன்மலை ஐயா கவனிக்க வேண்டிய இடம் இது. அபிக்சபானை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஆய்வுக்கு அரிஸ்டாட்டில் என்று பெயர். 2011, 18,201 பேர். அபிக்சபான் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2.13 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டது. வார்ஃபரினில் 3.09. இப்போது முன்பு சொன்ன எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். மாத்திரை இல்லாவிட்டால் பக்கவாதம் நூற்றுக்கு இரண்டு. மாத்திரை போட்டால் ரத்தக்கசிவு நூற்றுக்கு இரண்டு. அப்படியானால் எதற்கு வம்பு என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

இதில் இரண்டு விஷயங்கள் மறைந்திருக்கின்றன. அந்த 2.13 பேரில் மாத்திரை இல்லாவிட்டாலும் ரத்தக்கசிவு வந்திருக்கக்கூடியவர்களும் அடக்கம். இந்த வயதில் வயிற்றுப் புண், குடல் கோளாறு என்று மாத்திரை தொடாதவர்களுக்கும் கசிகிறது. மாத்திரையின் தலையில் போட வேண்டியது கூடுதலாக வருவதை மட்டும்தான். வார்ஃபரின் ஒத்துவராதவர்கள் 5,599 பேரிடம் அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டார்கள். அவெரோஸ் ஆய்வு, அதுவும் 2011. பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரினில் ஆண்டுக்கு 1.2 சதவீதம், அபிக்சபானில் 1.4. பக்கவாதமும் உறுப்புகளுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பும் சேர்த்து ஆஸ்பிரினில் 3.7, அபிக்சபானில் 1.6. அதாவது "சின்ன ஆஸ்பிரின்" ஏறக்குறைய அதே அளவு கசியவிட்டது. ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல் பக்கவாதத்தைத் தடுக்காமல் விட்டது. தொடர்வது நியாயம் இல்லை என்று அந்த ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்து நிறுவனங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பிரினுக்கு ஆதரவாக எதிர்முடிவு சொல்லும் ஆய்வு ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

இரண்டாவது, ஒரு கசிவும் ஒரு பக்கவாதமும் சமமா? பெரிய ரத்தக்கசிவு என்று எண்ணப்படுபவற்றில் கணிசமானவை வயிறும் குடலும். மருத்துவமனையில் சேர்ந்து, ரத்தம் ஏற்றி, பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள். மூளைக்குள் கசிவதுதான் நாம் எல்லோரும் பயப்படுவது. அரிஸ்டாட்டில் ஆய்வில் ரத்தக்கசிவால் வந்த பக்கவாதம் அபிக்சபானில் ஆண்டுக்கு 0.24 சதவீதம், வார்ஃபரினில் 0.47. ஏஎஃப்பால் வரும் பக்கவாதமோ பெரிய கட்டியால் வருவது. மற்ற பக்கவாதங்களைவிட அதிகமாக முடக்கிப் போடும். உங்கள் தெருக்காரரை நீங்கள் மறக்க முடியாது. ஆனால் மாத்திரை சாப்பிடாமல் வாய் கோணிக் கிடப்பவர் தெருவுக்கு வருவதில்லை; அவர் நம் கண்ணில் படுவதே இல்லை.

இதற்கு முன்பே வயிற்றில் பெரிதாகக் கசிந்து ரத்தம் ஏற்றிக்கொண்டவர் என்றால் இந்தத் தராசு வேறு மாதிரி நிற்கும். அவருக்கு என்னிடம் விடை இல்லை.

அடையாறு நடையாளி (சென்னை)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். வயது 44. கைக்கடிகாரம் "துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது" என்று எச்சரித்தது. மருத்துவர் எடுத்த ஈசிஜியிலும் ஏஎஃப் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. எனக்கு அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை. எனக்கு மாத்திரையே எழுதவில்லை. மேலே படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எனக்கும் வேண்டுமா?

தஞ்சை மருத்துவர்

உங்கள் மதிப்பெண் 0. மாத்திரை எழுதாததுதான் சரி. பூச்சியத்தில் மாத்திரை கொடுத்தால் தடுக்க அதிகம் இல்லை. கசிவு மட்டும் மிஞ்சும். அழுத்தமோ சர்க்கரையோ வந்தாலும், 65 பிறந்தாலும் மறுபடியும் கணக்குப் போட வேண்டும்.

உங்கள் வயதில் பார்க்க வேண்டியது ஏஎஃப் ஏன் வந்தது என்பதை. தைராய்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, உடல் எடை, மது. மது அருந்தும் ஏஎஃப்காரர்கள் 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. மதுவை விடச் சொன்ன குழுவில் 53 சதவீதம் பேருக்கு ஏஎஃப் திரும்ப வந்தது. வழக்கம்போல் குடித்த குழுவில் 73 சதவீதம் பேருக்கு. மாத்திரை இல்லாமலே கிடைக்கும் பலன் இது.

வேப்பமரத்தடி

சரி, ஆய்வு மொழியிலேயே பேசுவோம். 2023-இல் நோவா என்று ஒரு ஆய்வு. அற்ப நேரம் ஏஎஃப் வந்த 2,536 பேரில் ஒரு பாதிக்கு எடோக்சபான் என்ற புதிய வகை மாத்திரை கொடுத்தார்கள். பலன் ஏதும் தேறவில்லை, ரத்தக்கசிவு கூடியது. அதையும் நடுவிலேயே நிறுத்தினார்கள். இதை ஏன் எவரும் சொல்லவில்லை?

தஞ்சை மருத்துவர்

நல்ல கேள்வி; இந்த இடத்தில் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. நோவாவில் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஏஎஃப் ஈசிஜியில் ஒருமுறைகூடப் பதிவானதில்லை. உள்ளே வைத்த கருவி மட்டும் பார்த்தது. அதே ஆண்டு ஆர்டீசியா என்ற இன்னொரு ஆய்வு வந்தது. கருவியில் 6 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை ஏஎஃப் தெரிந்த 4,012 பேர்; ஒரு பாதிக்கு அபிக்சபான், மறுபாதிக்கு ஆஸ்பிரின். பக்கவாதம் ஆண்டுக்கு 1.24 சதவீதத்திலிருந்து 0.78 ஆகக் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவு 0.94-லிருந்து 1.71 ஆகக் கூடியது. அதாவது இந்தக் கூட்டத்தில் மாத்திரை போடாவிட்டாலும் பக்கவாதம் குறைவு. போட்டால் தடுப்பதும் கசிவதும் ஏறக்குறைய நேருக்கு நேர் நிற்கின்றன. கருவி மட்டும் பார்த்த ஏஎஃப்புக்கு மாத்திரை வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் நான் வாதாட மாட்டேன்.

பொன்மலை ஐயாவின் கதை அதுவன்று. அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, மருத்துவமனைக்குப் போனார், ஈசிஜியில் தெரிந்தது, திரும்பத் திரும்ப வருகிறது. வழிகாட்டுதல்கள் பேசுவது அவரைப் போன்றவரைப் பற்றித்தான். நோவா முடிவைத் தூக்கி அவர் மேல் வைக்க முடியாது.

மருந்துக் கடை (மதுரை)

எண்களை வாத்தியாரும் மருத்துவரும் பார்த்துக்கொள்ளட்டும். கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ரத்தக்கசிவுக்கு மாத்திரையை மட்டும் குறை சொல்கிறார்கள். கூடவே டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் என்று சீட்டே இல்லாமல் வாங்கிப் போகிறார்கள். இவை வயிற்றைப் புண்ணாக்கும். உறையாமை மாத்திரை அந்தப் புண்ணை ஆறவிடாமல் கசியவிடும். பொன்மலை ஐயா அபிக்சபான் தொடங்குகிறாரோ இல்லையோ, 67 வயதில் அந்த டைக்ளோஃபெனாக்கை முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் போதுமா, தைலம் போதுமா, பிசியோதெரபியா என்பதை அவர் சொல்வார்.

ரிவரோக்சபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. ஏகாதசி, சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டாபிகாட்ரான் கேப்சூலை விழுங்க முடியவில்லை என்று பிரித்துக் கொட்டிச் சாப்பிடக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினாலோ, வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிட்டாலோ இந்தப் புதிய மாத்திரைகளின் வேலை குறைந்துபோகும். வார்ஃபரின், அதே வகையான ஆசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்குக் கீரைக் கவலை உண்டு. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று தாவினால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை அளவு) ஆடும். அபிக்சபானுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஐஎன்ஆர் பார்ப்பதும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியேட்டினினும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும்.

பூண்டு சமையலில் எவ்வளவும் இருக்கட்டும். பூண்டு கேப்சூலை உறையாமை மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டு ஈறில் ரத்தம் வருகிறது என்று கடைக்கு வராதீர்கள், வேப்பமரத்தடியாரே.

இன்னொன்று. அபிக்சபானின் வேலை ஒரு நாளைக்குள் போய்விடும். வார்ஃபரின் போல நான்கைந்து நாள் தாங்காது. திருமணம், கோயில் என்று வெளியூர் போகிறவர்கள் மாத்திரை அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். விலைதான் தடை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு விலை குறைந்த ஜெனரிக்குக்கு மாறுங்கள். காசு மிச்சம் பிடிக்க ஒரு வேளையாகக் குறைக்காதீர்கள். அப்படிச் செய்தால் கசிவு ஆபத்து இருக்கும், போதிய பாதுகாப்பு இருக்காது.

வல்லிபுரம் மகள் (ரொறன்ரோ)

என் கேள்வியையும் இங்கேயே கேட்கிறேன். அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். வயது 82, எடை 45 கிலோ, அழுத்தம் உண்டு. ஏஎஃப் வந்து வந்து போகிறது. இந்த ஆண்டு கிணற்றடியில் ஒருமுறை விழுந்தார், எலும்பு முறியவில்லை. விழுகிற ஆளுக்கு இந்தக் குளிசை ஆபத்து என்று கூட இருக்கும் தங்கை சொல்கிறாள். மருத்துவர் குடும்பமாகப் பேசி முடிவு சொல்லுங்கள் என்றிருக்கிறார். தொலைவில் இருந்துகொண்டு எதைச் சொன்னாலும் தவறாகிவிடுமோ என்று இருக்கிறது.

தஞ்சை மருத்துவர்

அம்மா, தங்கை சொல்வது எல்லா வீடுகளிலும் கேட்கும் வாதம், மருத்துவர்களே சொல்வதுண்டு. 1999-இல் கனடாவில் இதைக் கணக்குப் போட்டார்கள். விழுவதால் வரும் மூளைக்கசிவு வார்ஃபரினின் பலனை விழுங்க வேண்டுமென்றால் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 295 முறை விழ வேண்டும் என்று வந்தது. அது காகிதக் கணக்குதான். அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒருமுறை விழுந்தார் என்பதற்காக மட்டும் மாத்திரையை மறுப்பது சரியில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

உங்கள் அம்மாவைப் போன்றவர்களை வைத்தே ஜப்பானில் ஓர் ஆய்வு நடந்தது, எல்டர்கேர்-ஏஎஃப், 2020. 80 வயதுக்கு மேற்பட்டவர்கள் 984 பேர். எடை குறைவு, சிறுநீரகக் கோளாறு, முன்பு ரத்தக்கசிவு போன்ற காரணங்களால் வழக்கமான அளவு மாத்திரை ஆகாது என்று ஒதுக்கப்பட்டவர்கள். எடோக்சபானைக் குறைந்த அளவில், 15 மி.கி. மட்டும் கொடுத்தார்கள். பக்கவாதமும் ரத்தக்குழாய் அடைப்பும் ஆண்டுக்கு 6.7 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 1.8-லிருந்து 3.3 ஆனது, பெரும்பாலும் குடலில். இந்த வயதில் இரண்டு ஆபத்துகளும் ஏறுகின்றன. பக்கவாத ஆபத்து அதைவிட வேகமாக ஏறுகிறது.

அபிக்சபான் என்றால் அளவை மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் 2.5 மி.கி. இரண்டு வேளை. அம்மாவுக்கு இரண்டு இருக்கின்றன. பொன்மலை ஐயாவுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் பயத்தில் 2.5 கேட்டால் தரக் கூடாது.

கிணற்றடியில் ஏன் விழுந்தார் என்றும் தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறதா, கண்ணில் புரை இருக்கிறதா, பாசி பிடித்த தரையா? அதோடு அம்மாவிடமும் கேளுங்கள். படுக்கையில் கிடப்பதற்குப் பயமா, ரத்தம் கசிவதற்குப் பயமா என்று கேட்டால் முதியவர்கள் தெளிவாகவே பதில் சொல்கிறார்கள்.

எந்த உறையாமை மாத்திரையும் ஆகாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, இடது மேலறைப் பையின் வாயைக் கருவி வைத்து அடைக்கும் முறை இருக்கிறது. பெரிய இதய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். செலவு அதிகம், வைத்த பிறகும் சில காலம் ஏதோ ஒரு மாத்திரை வேண்டும். மாத்திரை பிடிக்கவில்லை என்பதற்காகப் போகிற வழி அது இல்லை.

ஈரோட்டு அம்மா

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் கணவருக்குச் சர்க்கரையும் அழுத்தமும் உண்டு. ஏஎஃப்புக்கு அப்லேஷன் (துடிப்பைக் கெடுக்கும் இடத்தைக் குழாய் வழியாகச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்துகொண்டார். படபடப்பு நின்றுவிட்டது. ஓராண்டு ஒன்றும் வரவில்லை என்று அவராகவே மாத்திரையை விட்டுவிட்டார். எனக்குக்கூடத் தெரியாது. பிறகு ஒரு காலையில் செய்தித்தாளைப் பிடித்த கை நழுவியது, பேச்சு குழறியது. உடனே கொண்டுபோனோம், கை ஓரளவு வந்துவிட்டது, பேச்சு முழுதாக வரவில்லை. ஏஎஃப் மறுபடியும் வந்திருந்தது, அவர் அதை உணரவே இல்லை. அப்லேஷன் துடிப்பைத்தான் சரிசெய்யும், உங்கள் சர்க்கரையும் வயதும் அப்படியேதான் இருக்கும் என்று அதன் பிறகு ஒரு மருத்துவர் விளக்கினார். அதை முதலிலேயே யாரும் இப்படிச் சொல்லவில்லை. வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான்.

பொன்மலை ரயிலடி

அனைவருக்கும் நன்றி. ஈரோட்டு அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் கணவர் தேறி வரட்டும்.

இந்த இழையில் வந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடியும் அதே மருத்துவரிடம் போனேன். என் மதிப்பெண் என்ன, வயிற்றுக்குப் பாதுகாப்பு வேண்டுமா, டைக்ளோஃபெனாக்குக்கு என்ன மாற்று, விழுந்து தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டேன். கேட்டால் நன்றாகவே பதில் சொல்கிறார். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும், மாத்திரைப் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்றார். டைக்ளோஃபெனாக் நின்றுவிட்டது. முழங்காலுக்குப் பாரசிட்டமாலும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார். மாடிப்படி இப்போதும் வேதனைதான். அழுத்தம் 150-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அது அப்படியே இருந்தால் மூளைக்கசிவுக்கு நாமே கதவைத் திறந்துவைப்பதாகும் என்று இன்னொரு மாத்திரை சேர்த்தார்.

அபிக்சபான் தொடங்கிவிட்டேன். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கு இரண்டு என்பது என் புத்திக்கு ஏறுகிறது, மனத்துக்கு ஏறவில்லை. எனக்குப் பக்கவாதம் வராமலே போனால் அது மாத்திரையாலா, அல்லது எப்படியும் வராமலே இருந்திருக்குமா என்பது கடைசி வரை தெரியாது. அதுதான் உறுத்துகிறது. ஆனால் படுத்துவிட்டால் என்னைத் தூக்கிப் புரட்டுவதற்கு வீட்டில் என் மனைவி மட்டும்தான். அவளுக்கும் முழங்கால் வலி.

இன்னொரு கேள்வி. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அடுத்த வாரம் பிடுங்க வேண்டும். பல் மருத்துவமனையில் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

தஞ்சை மருத்துவர்

ஐந்து நாள் என்பது வார்ஃபரின் காலத்துப் பழக்கம். வார்ஃபரினுக்கே இப்போது ஒரு பல்லுக்காக நிறுத்துவதில்லை. சாதாரணமாக ஒரு பல் பிடுங்குவதற்கு அபிக்சபானைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. எலும்பை அறுத்து எடுக்க வேண்டிய பல் என்றால் அன்று காலை வேளையை மட்டும் விடச் சொல்வதுண்டு. இதய மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பல் மருத்துவரிடம் கொடுங்கள். காலை நேரத்தில் போங்கள். கசிந்தால் அன்று மாலைக்குள் திரும்பப் போய்ப் பார்க்க வசதியாக இருக்கும். பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். வலிக்கு அவர் எழுதும் சீட்டில் டைக்ளோஃபெனாக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.